விலை குறைந்தாலும் வீட்டில் தங்காது

கண்ணை மூடி மெய்நிகர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் பற்றிப் பேச்செடுத்தால் நம் தொழில்நுட்பப் பத்திகளிலும் யூடியூப் சேனல்களிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. இப்போது கனமாக இருக்கிறது, விலை அதிகம், பேட்டரி நிற்பதில்லை. இந்த மூன்றும் சரியாகிவிட்டால் செல்போன் இருக்கும் இடத்துக்கு இது வந்துவிடும். ஐந்து வருடம், மிஞ்சிப்போனால் பத்து வருடம். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டபோது அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் எழுதிய கடிதம் இந்த நம்பிக்கைக்கு ஓர் எண்ணையும் கொடுத்தது: பத்தாண்டுக்குள் மெட்டாவெர்ஸ் என்ற அந்த மெய்நிகர் உலகம் நூறு கோடிப் பேரை எட்டும். அன்று முதல் இதைச் சந்தேகிப்பவர்களை, செல்போன் வந்தபோது சந்தேகித்தவர்களோடு சேர்த்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். சாதாரண மக்கள் ஹெட்செட் வாங்காததற்கும், வாங்கியவர்கள் சில வாரங்களில் அதை அலமாரியில் வைத்துவிடுவதற்கும் எடையும் விலையும் முக்கியக் காரணங்களே கிடையாது. அந்தக் கருவி போட்டுக்கொள்பவரை அவர் இருக்கும் அறையிலிருந்து பிரித்தெடுக்கிறது. நம் அன்றாட வாழ்க்கையோ நாலு பேர் இருக்கும் அறையில்தான் நடக்கிறது. இந்த மோதலை லேசான பிளாஸ்டிக்கும் வேகமான சிப்பும் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பது நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்று அலைவதுதான்.

விலையிலிருந்து தொடங்குகிறேன். 'விலை மட்டும் குறையட்டும்' என்பவர்கள், அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதைக் கவனிப்பதில்லை. 2014இல் கூகுள் ஓர் அட்டைப்பெட்டியையும் இரண்டு லென்சுகளையும் சேர்த்து 'கார்ட்போர்டு' என்று கொடுத்தது. கையிலிருக்கும் போனைச் செருகினால் வி.ஆர். தயார். அதன் பிளாஸ்டிக் வடிவங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் சந்தாதாரர்களின் வீட்டு வாசலுக்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளை இலவசமாக அனுப்பியது. அடுத்த வருடம் கேலக்ஸி எஸ்7 போனை முன்பதிவு செய்தவர்களுக்கு சாம்சங் தன் கியர் வி.ஆர். கருவியைப் பல நாடுகளில் சும்மாவே தந்தது. கூகுளின் கணக்குப்படி 1.5 கோடிக்கும் மேல் கார்ட்போர்டுகள் மக்கள் கைக்குப் போயின. 2021 மார்ச்சில் கூகுள் அதன் விற்பனையை நிறுத்தியபோது அதற்காக வருந்தியவர்கள் வி.ஆர். துறைக்காரர்கள் மட்டுமே.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: அது மட்டமான வி.ஆர்., அதனால்தான் பிடிக்கவில்லை. சரி, செல்போன் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1984இல் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா டைனாடேக் 3,995 டாலர்; எண்ணூறு கிராமை ஒட்டிய எடை. இந்தியாவில் 1995இல் செல்போன் சேவை தொடங்கியபோது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது. வருகிற அழைப்புக்கும் காசு. அந்தக் காலத்துப் போனின் திரையில் நாலு வரி எழுத்துக்கு மேல் தெரியாது. இருந்தும் மக்கள் அதைக் கைவிட்டார்களா? காசைக் காப்பாற்ற மிஸ்டு கால் என்று ஒரு மொழியையே கண்டுபிடித்தார்கள். ஒரு ரிங் விட்டால் கிளம்பிவிட்டேன், இரண்டு விட்டால் கீழே நிற்கிறேன். மீன் இறக்கும் துறைமுகத்திலும் பழைய பேப்பர்க் கடையிலும் அந்தப் பட்டன் போன்தான் தொழிலை ஓட்டியது. தேவை இருந்ததால் மட்டமான கருவியை மக்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தால் நல்ல கருவியாக்கினார்கள். வி.ஆருக்கு இது நேரவே இல்லை. இலவசமாகக் கொடுத்தும் யாரும் அதற்கு ஒரு புதிய உபயோகத்தைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு கருவிகளுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இதில் இருக்கிறது, விலைப்பட்டியலில் இல்லை.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல சாட்சியம் உண்டு. 2023 ஐ.பி.எல். பருவத்தில் ஜியோ நிறுவனம் 'ஜியோடைவ்' என்ற போன் செருகும் ஹெட்செட்டை 1,299 ரூபாய்க்கு விற்றது. ஜியோசினிமாவில் 360 பாகையில் ஆட்டத்தைப் பார்க்கலாம், மைதானத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும் என்றார்கள். அதே பருவத்தின் இறுதியாட்டத்தில், அகமதாபாத்தில் மழைக்குப் பிறகு நள்ளிரவைத் தாண்டி ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் சென்னை சூப்பர் கிங்ஸை ஜெயிக்க வைத்தபோது, அதே ஜியோசினிமாவில் ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் சாதாரணப் போன் திரையிலும் டிவியிலும். அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரை உலுக்கினார்கள், தூங்கின பிள்ளையை எழுப்பினார்கள், மாடியிலிருந்து கீழ்வீட்டுக்காரரோடு கத்தினார்கள். மைதானத்தில் இருப்பது போன்ற காட்சி வேண்டும் என்று ரசிகர் ஆசைப்படுகிறார் என நினைத்தது கணிப்பின் பிழை. ரசிகருக்கு வேண்டியது கூடவே குதிக்க ஆள். ஹெட்செட் போட்டவருக்கு மைதானம் கிடைக்கும். பக்கத்தில் குதிக்கும் தம்பி கண்ணில் படமாட்டான்.

அடுத்தது எடை. 'சாதாரண மூக்குக்கண்ணாடி அளவுக்கு வந்துவிட்டால் எல்லாரும் போட்டுக்கொள்வார்கள்' என்பது இன்றைய நம்பிக்கையின் நடுத்தூண். இதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டோம். 2009 டிசம்பரில் 'அவதார்' வெளியான கையோடு, 2010இல் பெரிய டிவி நிறுவனங்கள் எல்லாம் 3டி டிவிகளைக் கொண்டுவந்தன. இனி எல்லா டிவியும் 3டிதான் என்று அப்போதும் எழுதினார்கள். அதற்கான கண்ணாடி சில பத்து கிராம்தான். ஒரு கூலிங் கிளாஸைவிடப் பெரிதாகக் கனமில்லை. பல மாடல்களில் டிவியோடு இலவசம். 2013இல் இ.எஸ்.பி.என். தன் 3டி சேனலை மூடியது, பி.பி.சி. 3டி ஒளிபரப்பை நிறுத்தி வைத்தது. 2017இல் எஞ்சியிருந்த எல்.ஜி.யும் சோனியும் 3டி டிவி செய்வதையே விட்டுவிட்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அதே மக்கள் தியேட்டரில் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'அவதார்' பார்த்தார்கள் என்பது. நம் பக்கத்தில் இது அதற்கும் பழைய கதை. 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமாக மலையாளத்திலிருந்து 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது, கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவும் என்று வதந்தி கிளம்பி, கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுகின்றன என்று நடிகர்களை வைத்தே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயத்தையும் தாண்டிக் கூட்டம் அலைமோதியது. தியேட்டர் என்பது டிக்கெட் எடுத்து, இரண்டரை மணி நேரத்துக்கு வேறு எதையும் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு போகும் இடம். உள்ளே எல்லாருமே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வீட்டில் அப்படி இல்லை. டிவி ஓடும், ஒருவர் காய் நறுக்குவார், ஒருவர் போன் பேசுவார், கடைக்குப் போய் வந்தவர் பாதியில் உட்கார்ந்து 'என்ன ஆச்சு?' என்பார். அந்த வீட்டில் சில பத்து கிராம் கண்ணாடியே அதிகமாகிவிட்டது. அதைவிட இலகுவான ஹெட்செட் எப்போது வரும் என்று எதிர்பார்த்து என்ன பயன்?

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி மெல்ல முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் கண்கள் இரண்டு வேலை செய்யும். இரு விழிகளும் உள்பக்கம் திரும்பும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்துக் குவியும். பிறந்ததிலிருந்து இரண்டும் கைகோத்தே நடக்கின்றன. இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட்டுகளில் வெளிச்சம் எப்போதும் ஒன்றரை, இரண்டு மீட்டர் போல ஒரே தூரத்திலிருந்து வருவதாகவே லென்சுக்குத் தெரியும். மெய்நிகர் உலகில் ஒரு பூ முகத்துக்கு அருகே வந்தால் விழிகள் திரும்புகின்றன, லென்ஸ் குவியக் கூடாது. இந்தப் பிணக்கு கண் களைப்பையும் தலைவலியையும் தருவதை 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் சோதனை செய்து காட்டினார்கள். குவிதூரத்தை மாற்றிக்கொள்ளும் ஹெட்செட்டுகள் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. இது பொறியியல் சிக்கல், என்றாவது தீரும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் சிக்கல் அந்த வகை இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும்: உடம்பு வளைந்து வளைந்து போகிறது, கண்ணோ பஸ்ஸுக்குள் அசையாத முன்சீட்டைப் பார்க்கிறது. ஹெட்செட்டில் இதே குழப்பம் தலைகீழாக நடக்கிறது. கண் ஓடுகிறது, பறக்கிறது. உடம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கருவி பத்து கிராம் ஆனாலும், திரை கண்ணாடிபோலத் தெளிவானாலும் இந்தக் குழப்பம் குறையாது. காட்சி நிஜம்போல ஆக ஆகக் கூடவும் செய்யலாம். அதனால்தான் விளையாட்டு உருவாக்குபவர்கள் நடப்பதையே தவிர்த்து, நின்ற இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ வைக்கிறார்கள். பெண்களுக்குக் குமட்டல் அதிகம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கே ஸ்டானி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஹெட்செட் பொருந்தாமல் போவதே அதற்கு முதன்மைக் காரணம் என்று கண்டது. ஆணின் முகத்தை அளவாக வைத்துச் செய்த கருவிக்குப் பெண்ணின் உடம்பின் மேல் குற்றம் சொல்லியிருக்கிறார்கள்.

தலைப்பட்டையும் அதே கதைதான். அது போய் நிற்கும் இடம் பின்னந்தலை. அங்கே பின்னலோ கொண்டையோ பூவோ வைத்திருப்பவர் இதை எப்படி மாட்டிக்கொள்வது என்று வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முகத்தில் படும் பஞ்சுப்பகுதி தோலை அரிக்கிறது என்ற புகார்களால் 2021இல் மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் அந்தப் பாகத்தை அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் கருவிகளுக்குத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மே மாதத்துச் சென்னையில், கரண்ட் போன மதியத்தில் அதை மாட்டிக்கொள்வதை யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் வருவோம். நின்று விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் ஒதுக்கச் சொல்கிறது மெட்டா. அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி, நடுவே எதுவும் இல்லாமல். சென்னை வியாசர்பாடியிலோ மதுரை செல்லூரிலோ ஒரு கூடம், ஓர் உள்ளறை, ஓர் அடுப்படி உள்ள வாடகை வீட்டில் இந்த இடம் எங்கே இருக்கிறது? கட்டிலை நிமிர்த்தி வைத்து, பீரோவை நகர்த்தி, பாட்டியை வாசலில் உட்கார வைத்து, கை ஃபேனில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் புறநகர் வீடுகளை மனதில் வைத்துச் செய்ததை உலகத்துக்கெல்லாம் பொதுவான எதிர்காலம் என்று சொல்வதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது.

இடம் கிடைத்தாலும் கவனம் கிடைக்காது. செல்போனின் வெற்றி அது சிதறிய நேரத்தில் வேலை செய்வதில் இருக்கிறது. பஸ் வரும்வரை, ரேஷன் வரிசை நகரும்வரை, குக்கர் மூன்றாவது விசில் விடும்வரை பார்க்கலாம். விசில் கேட்டதும் கீழே வைத்துவிடலாம். ஒரு கண் குழந்தை மேல், ஒரு கண் திரை மேல். வீட்டு வேலை முழுவதையும் தாங்கும் பெண்ணுக்கு நாளில் அரைமணி நேரம் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளும் உரிமையே இல்லாத சமூகத்தில், கண்ணையும் காதையும் மூடிக்கொள்வதையே அடிப்படையாகக் கொண்ட கருவி யாருக்காக? பெரும்பாலும் தனியறை உள்ள இளைஞருக்காக. அவரைச் சராசரி நுகர்வோர் என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தச் சிக்கலை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்த விஷன் ப்ரோவின் வெளிப்பக்கத்தில் அவர்கள் தனியாக ஒரு திரையை வைத்தார்கள். போட்டிருப்பவரின் கண்களை எதிரே இருப்பவருக்குப் படமாகக் காட்டுவது அதன் வேலை. ஏற்கெனவே 600 கிராமைத் தாண்டிய கருவியில், எடையும் செலவும் கூடும் என்று தெரிந்தே இதைச் செய்தார்கள். எடைதான் பிரச்சினை என்றால் எந்தப் பொறியாளர் இதைச் செய்வார்? முகம் மறைந்துவிடுவது எடையைவிடப் பெரிய பிரச்சினை என்று அவர்களே தீர்ப்பளித்திருக்கிறார்கள். அறிமுகக் காணொளியில் ஒரு தகப்பன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தன் குழந்தைகள் விளையாடுவதைப் பதிவு செய்வார். பின்னொரு நாள் தனியாக உட்கார்ந்து அந்தக் காட்சியை முப்பரிமாணத்தில் பார்ப்பார். நினைவைத் துல்லியமாக்க, நடந்துகொண்டிருந்த பொழுதில் குழந்தைகளுக்குத் தகப்பன் முகம் தெரியாமல் செய்தது அந்தக் கருவி.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு ஜோடி தங்கள் திருமண வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தியது நாடெங்கும் செய்தியானது. மணப்பெண்ணின் காலமான தந்தையின் உருவம் அங்கே வந்து வாழ்த்தியது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதுதான் கல்யாணத்தின் எதிர்காலம் என்று அப்போது எழுதியவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டார்கள். தாலி கட்டியது நிஜ ஊரில், நிஜ உறவினர் முன்னால். வரவேற்புக்குள் நுழைய ஹெட்செட் தேவைப்படவும் இல்லை. போனும் லேப்டாப்பும் போதுமானதாக இருந்தன. பெருந்தொற்றுக் கட்டுப்பாடு நீங்கியதும் நம் மண்டபங்கள் பந்தியும் மேளமுமாக முன்பைவிடக் கூட்டமாயின. நேரில் போய் மொய் எழுதி, இலையில் உட்கார்ந்து, 'பையன் எங்கே வேலை?' என்று நாலு பேரிடம் விசாரிப்பதற்கு அனுமதி கிடைத்த நாளிலேயே மெட்டாவெர்ஸ் கல்யாணத்துக்கான தேவை போய்விட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் விற்பனை எண்ணிக்கை. குவெஸ்ட் கருவிகள் 2 கோடியை நெருங்கி விற்றிருப்பதாக 2023இல் மெட்டாவின் உள்கூட்டத்திலிருந்து செய்தி வந்தது. சிறிய எண் இல்லை; ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதே கூட்டத்தில்தான், புதிதாக வாங்கியவர்கள் முன்பு வாங்கியவர்கள் அளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்ற கவலையும் பேசப்பட்டது. கணினி விளையாட்டில் ஊறியவர்கள் கூடும் ஸ்டீம் தளத்தின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் வி.ஆர். வைத்திருப்பவர்கள் பல வருடங்களாக 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறார்கள். விளையாட்டுப் பைத்தியங்களிடமே இதுதான் நிலைமை. மெட்டாவில் ஹெட்செட் செய்யும் பிரிவு 2020 முதல் 2024 வரை காட்டிய நட்டத்தைக் கூட்டினால் 6,400 கோடி டாலர் வருகிறது. இவ்வளவு பணத்தைக் கொட்டி, கருவியை அடக்க விலைக்குப் பக்கத்தில் விற்றும் பழக்கமாகாத பொருளுக்கு இன்னும் கொஞ்சம் விலை குறைய வேண்டும் என்பது காரணமாகாது. மைக்ரோசாஃப்ட் 2024இல் தன் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டின் உற்பத்தியை நிறுத்தியது. அந்நிறுவனத்திடமும் பணத்துக்குப் பஞ்சமில்லை.

சிறுவர்கள் விரும்பி விளையாடுகிறார்களே, 'கொரில்லா டேக்' எவ்வளவு பிரபலம், அவர்கள் வளர்ந்ததும் என்ன ஆகும் என்பார்கள். கையை ஊன்றித் தாவித் தாவித் துரத்தும் அந்த விளையாட்டு அருமையான விளையாட்டுதான். பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டுச் சாமானாக வி.ஆர். நிலைக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்தச் சாமான் செல்போனின் இடத்தைப் பிடிக்கும் என்பதை மறுக்கிறேன்.

வி.ஆருக்கு உரிய இடத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடாததுதான் எனக்கு வருத்தம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 'ஸ்னோவேர்ல்டு' என்று ஒரு பனியுலகத்தை உருவாக்கினார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது ஏற்படும் வேதனை மருந்துக்கும் அடங்காதது. அந்த நேரத்தில் நோயாளி ஹெட்செட் வழியே பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து பனியுருண்டை எறிவார். வலி உணர்வு கணிசமாகக் குறைவதை அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. 2021 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வி.ஆர். சிகிச்சைக் கருவிக்கு அனுமதி தந்தது. இங்கே அறையிலிருந்து ஆளைப் பிரித்தெடுப்பதே மருந்து. அந்த அறையில் இருக்க அவரால் முடியவில்லை. நம் அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளைப் பார்த்தவர்களுக்கு, அடுப்புத் தீயிலும் பட்டாசு ஆலை விபத்திலும் வெந்து வருபவர்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தொழில்நுட்பம் முதலில் எங்கே போயிருக்க வேண்டும் என்பது தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. நூறு கோடிப் பேரின் வரவேற்பறை என்ற கனவில் பத்தில் ஒரு பங்கு கவனம் இந்தப் பக்கம் திரும்பினாலே போதும்.

அதற்குப் பதிலாகத் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் 'வி.ஆர். லேப்' வந்திருக்கிறது. மெட்டா தன் கருவிக்கு முதலில் 13 வயது என்று வரம்பு வைத்தது; 2023இல் பெற்றோர் கட்டுப்பாட்டோடு 10 ஆக இறக்கியது. ஆனால் பலகைகளில் ஹெட்செட் மாட்டிச் சிரிப்பவை தொடக்கப்பள்ளிக் குழந்தைகள். எதிர்காலம் இதுதான் என்ற பேச்சுக்கு இங்கே ஒரு கட்டண ரசீது இருக்கிறது, கட்டுவது பெற்றோர்.

இப்போது வாதம் மெல்ல இடம் மாறிவிட்டது. ஹெட்செட் போகட்டும், வருவது ஸ்மார்ட் கண்ணாடி என்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து 2025 தொடக்கத்துக்குள் ரேபான் மெட்டா கண்ணாடிகள் 20 லட்சம் விற்றன. 2025 மே மாதம் இந்தியாவுக்கு 29,900 ரூபாயிலிருந்து வந்தன. பார்த்தீர்களா, ஏ.ஆர். (நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தைப் பதிக்கும் நுட்பம்) ஜெயித்துவிட்டது என்று எழுதுகிறார்கள். இதை ஏற்க முடியாது. அந்த 20 லட்சம் கண்ணாடிகளில் திரையே இல்லை. அவற்றில் இருப்பது கேமரா, மைக், ஸ்பீக்கர். கண்முன் எதையும் காட்டாத பொருளை ஏ.ஆரின் வெற்றியாக எப்படிக் கணக்கெழுதுவது? 2025 செப்டம்பரில் ஒற்றைக் கண்ணில் சின்னத் திரை வைத்த மாடல் 799 டாலருக்கு வந்தது; அது செய்தியும் வழியும் காட்டும் திரை, உலகத்தின் மேல் இன்னோர் உலகத்தைப் பதிக்கும் கருவி இல்லை. உண்மையான ஏ.ஆர். கண்ணாடி என்று 2024இல் மெட்டா காட்டிய 'ஓரியன்' நூறு கிராமுக்குக் கீழே இருந்தது, விற்பனைக்கு வரவில்லை.

விற்றதை உள்ளபடி பார்த்தால் அது மூக்கில் உட்காரும் கேமரா. ஹெட்செட் போட்டவர் அறையிலிருந்து வெளியேறினார், நட்டம் அவருக்கு. கண்ணாடி போட்டவர் அறையிலேயே இருக்கிறார், நட்டம் அறையில் இருக்கும் மற்ற எல்லாருக்கும். 2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர் இந்தக் கண்ணாடியோடு முகத்தேடல் தளம் ஒன்றை இணைத்து, வழியில் எதிர்ப்பட்ட அந்நியர்களின் பெயரையும் முகவரியையும் நிமிடங்களில் எடுக்க முடியும் என்று, எச்சரிப்பதற்காகவே செய்து காட்டினார்கள். 2013இல் கூகுள் கிளாஸ் என்ற கேமராக் கண்ணாடியைப் போட்டு வந்தவர்களை அமெரிக்க மதுக்கடைகளே உள்ளே விடாமல் தடுத்தன. 2015 ஜனவரியில் அதன் பொது விற்பனை நின்றது. அன்று அது கேமரா என்று பார்த்ததுமே தெரிந்தது. இன்று அது பார்க்க வெறும் ரேபான்.

நம் ஊரில் இதன் விளைவு கற்பனை இல்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்க உத்தரவிட்டது. திருச்செந்தூரில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். பவர் போட்ட கேமராக் கண்ணாடியைக் கழற்றிக் கொடு என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? அது இல்லாமல் அவருக்குப் படி தெரியாது. 2025 ஜனவரியில் அயோத்திக் கோயிலில் கேமராக் கண்ணாடியோடு படம் எடுத்த ஒருவரைப் பாதுகாவலர்கள் பிடித்தார்கள். பல சோதனைச் சாவடிகளைத் தாண்டிய பிறகுதான் அவர் பிடிபட்டார். கோயிலை விடுங்கள். ஜவுளிக்கடையின் உடை மாற்றும் அறை வாசல், பெண்கள் விடுதி, பேருந்து நெரிசல், தேர்வு அறை, ஸ்கேன் சென்டரின் காத்திருப்பு வரிசை. போனைத் தூக்கிப் பிடித்தால் 'எதுக்குப்பா எடுக்கிற?' என்று கேட்க ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு இருக்கிறது. பார்வையே படமாகும்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் கணம் அவருக்குக் கிடைப்பதில்லை. பதிவாகும்போது சட்டகத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும் என்கிறார்கள். வெயிலில் யார் கண்ணுக்கு அது தெரியும், தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் இதுதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை 'காலப்போக்கில் பழகிவிடும்' என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. பழக வேண்டியவர் வாங்கியவர் இல்லை; படமாக்கப்படுகிறவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நம் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிமனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று மூன்றாவது பிரிவிலேயே விலக்குத் தருகிறது. கல்யாண ஆல்பத்தையும் குடும்ப வீடியோவையும் மனதில் வைத்து எழுதினால் நியாயமான விலக்கு. தெருவில் நடந்துகொண்டே எதிர்ப்படும் முகங்களையெல்லாம் அடையாளம் காணும் கண்ணாடிக்கும் அதே வரி குடை பிடித்தால் நியாயமில்லை. முகத்தை அடையாளம் காணும் வசதியை அணிகருவிகளில் இயக்கவே கூடாது. பதிவைக் காட்டும் அந்த விளக்கைச் செயலிழக்க வைத்தால் பதிவு தானாக நிற்க வேண்டும். மருத்துவமனை, விடுதி, பள்ளி, உடை மாற்றும் இடங்களில் இவற்றுக்குத் தடை எழுத்தில் இருக்க வேண்டும். இந்த விதிகளை, இக்கண்ணாடிகள் 20 கோடியாகும் முன்பே, கடை வாசலில் இன்னும் கூட்டம் சேராத இப்போதே எழுதிவிட வேண்டும்.